இரைச்சலுக்குள் ஈரம்

“சித்தி, மொதல்ல இத காதுல வெச்சுக்கோங்க” என்று அக்கா மகள் இரண்டு ஆரஞ்சு நிறப் பஞ்சடைப்பான்களைக் கையில் திணித்தாள். உருட்டி மெலிதாக்க வேண்டும், காதுமடலை மேல்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட வேண்டும், பஞ்சு விரியும்வரை விரலை எடுக்கக் கூடாது. நான் சரியாகச் செய்கிறேனா என்று நின்று பார்த்தாள். பிறகுதான் தாளத்தட்டுகள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலை 15 நிமிடம்தான் தாங்கும் என்பதை வரும் வழியிலேயே பேருந்தில் எனக்குப் பாடம் எடுத்திருந்தாள். மூன்று டெசிபல் கூடினால் தாங்கும் நேரம் பாதியாகிவிடுமாம். அன்று எட்டுக் குழுக்கள் வாசிக்கவிருந்தன. அவளுடையது ஐந்தாவது.

பர்மிங்ஹாம் நகரின் டிக்பெத் பகுதியில், ரயில் பாலத்துச் செங்கல் வளைவுகளை ஒட்டிய பழைய பப் அது. சுற்றிலும் ஒரு காலத்துப் பட்டறைகளும் கிடங்குகளும். சற்றுத் தள்ளி, முட்டை சேர்க்காத கஸ்டர்டு மாவைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பேர்டின் நிறுவனம் நடத்திய தொழிற்சாலை இருக்கிறது; இன்று கடைகளும் கலைக்கூடங்களுமாக மாறிவிட்டது. 2025 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வாசலில் ஒரு மேசை, மேசைமேல் முத்திரைக் கட்டை, ஒரு பிளாஸ்டிக் வாளி. நுழைவுக் கட்டணம் 8 பவுண்டு. ஒரு பை மளிகை கொண்டுவந்தால் 5 பவுண்டு போதும். வசூல் முழுவதும் அந்தப் பகுதியில் ஒரு தேவாலயக் கூடத்தில் நடக்கும் உணவு வங்கிக்கு. என்ன வேண்டும் என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள்: கெடாத பால், டப்பா மீன், குழந்தைகளுக்கான டயபர், பற்பசை, சமையல் எண்ணெய். கடைசியில் பெரிய எழுத்தில், பீன்ஸ் டப்பா போதுமான அளவு இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம் என்று ஒரு வரி. நன்கொடை கொடுப்பவர்கள் தங்களுக்கு எளிதானதைக் கொடுப்பார்கள். வாங்குபவர்களுக்கு வேண்டியது வேறாக இருக்கும். அதை யோசித்து எழுதிய கைக்கு அந்த இடத்திலேயே என் மரியாதை சேர்ந்துவிட்டது.

திருச்சியிலிருந்து மூன்று மாதம் அக்காவோடு தங்கிப் போக வந்தவள் நான். அக்கா இங்கே செவிலியர். அவளுடைய மகள் ஒரு மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள் என்பதை ஊரில் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போதெல்லாம் ஒரு சின்ன மௌனம் விழும். கறுப்பு உடை, மண்டையோட்டுப் படம், காட்டுக் கத்தல், குடி, அடிதடி என்றுதான் அவர்கள் மனம் போகும். என் மனமும் அப்படித்தான் போயிருந்தது. அந்த எண்ணத்தை அன்று மாலை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது மேடையின் ஒழுங்கு. எட்டுக் குழுக்களுக்கும் சேர்த்து ஒரே டிரம் செட், ஒரே பேஸ் ஆம்ப்ளிஃபயர், இரண்டு கிதார் ஸ்பீக்கர் பெட்டிகள். எளிதில் உடையக்கூடிய தாளத்தட்டு, ஸ்னேர், கால்மிதி ஆகியவை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். வாசிக்க அரை மணி நேரம், மாற்றிக்கொள்ள 15 நிமிடம். ஒரு குழு இறங்கும்போதே அடுத்த குழுவின் ஆட்கள் ஏறி, முன்னவர்களின் கம்பிகளைச் சுருட்டிக் கொடுக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. பெட்ரோல் காசுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒலி அமைப்பாளர் மட்டும் கூலிக்கு வந்தவர். அவரும் பாதியை வாளியில் போட்டதைப் பார்த்தேன்.

சம்பளம் வாங்காமல் ஏன் வருகிறார்கள் என்று அக்கா மகளைக் கேட்டேன். “நாளைக்கு எங்க வேன் ரிப்பேர் ஆனா இவங்கதான் சித்தி வருவாங்க” என்றாள். போன வருடம் ஒரு குழுவின் வாத்தியங்கள் திருடு போனபோது ஆறு குழுக்கள் சேர்ந்து ஒரே இரவில் பாதிப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தனவாம். எனக்கு மொய் நோட்டு நினைவுக்கு வந்தது. யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதைப் பார்த்துத் திருப்பிச் செய்யும் நம் ஊர் வழக்கம் இங்கே நோட்டு இல்லாமல் நடக்கிறது. யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் மறப்பதும் இல்லை.

அன்று மெட்டலோடு பங்க் குழுக்களும் வாசித்தன. பங்க் இசைக்கு அவப்பெயர் வந்த கதையும் அதற்கு ஈரமுண்டு என்று தெரிய வந்த கதையும் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தவை. 1976 டிசம்பர் 1 அன்று தொலைக்காட்சி நேரலையில் கெட்ட வார்த்தை பேசியதால் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு நாட்டின் அவமானமாகிப் போனது. ஊர் ஊராக அவர்களுடைய கச்சேரிகளை ரத்து செய்தார்கள். மறு ஆண்டு தீயணைப்பு வீரர்கள் ஊதிய உயர்வு கேட்டு நாடு முழுவதும் வேலை நிறுத்தம் செய்தார்கள். வாரக் கணக்கில் சம்பளம் இல்லாமல் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. அந்த 1977 கிறிஸ்துமஸ் நாளில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஐவன்ஹோஸ் என்ற விடுதியில், அதே செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வேலைநிறுத்தக்காரர்களின் பிள்ளைகளுக்காகப் பகலில் ஒரு கச்சேரி செய்தது. கேக், பரிசுப் பொருட்கள், நடனம் என்று பிள்ளைகள் ஆடித் தீர்த்தார்கள். குழுவின் பாடகர் ஜானி ராட்டன் கேக்கில் முகம் புதைந்து நிற்கும் காட்சியை இயக்குநர் ஜூலியன் டெம்பிள் படம்பிடித்து வைத்திருக்கிறார். அன்று இரவு பெரியவர்களுக்கு இன்னொரு கச்சேரி. மூன்று வாரத்தில், 1978 ஜனவரியில், அந்தக் குழு கலைந்தது. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சேரும்வரை, பிரிட்டனில் அவர்கள் வாசித்த கடைசி நாள் அந்தக் கிறிஸ்துமஸ்தான். நாடே வெறுத்த இளைஞர்கள் பசித்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேக் வெட்டி விடைபெற்றார்கள் என்பதை எந்தக் கிறிஸ்துமஸ் கதைக்கும் குறையாத கதையாக நினைக்கிறேன்.

டிக்பெத்திலும் பிள்ளைகள் இருந்தார்கள். முதல் மூன்று குழுக்கள் வாசிக்கும்வரை சிறுவர்களுக்கு அனுமதி. தலையைவிடப் பெரிய காதுக் கவசம் மாட்டிக்கொண்டு, அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஒரு நான்கு வயதுச் சிறுமி இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

முதலில் வந்தவை பங்க் குழுக்கள். மூன்று நான்கு சுரக்கட்டுகள், இரண்டு நிமிடப் பாட்டு, மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் தராத வேகம். வாடகை, மின்கட்டணம், பேருந்து ரத்தானது என்று பாட்டுகளில் எல்லாமே அன்றாடம். பர்மிங்ஹாமில் இவை வெறும் பாட்டுப் பொருளல்ல. 2023 செப்டம்பரில் இந்த நகர மன்றம் 114ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது; கையில் பணம் இல்லை, கட்டாயச் சேவைகள் தவிர வேறு புதுச் செலவு செய்ய முடியாது என்பதே அதன் பொருள். அடுத்த ஆண்டு வீட்டு வரியை இரண்டு ஆண்டுகளில் 21 விழுக்காடு உயர்த்தவும், இளைஞர் சேவைகளையும் கலை மானியங்களையும் வெட்டவும் முடிவானது. ஐரோப்பாவின் மிகப் பெரிய உள்ளாட்சி அமைப்புகளில் ஒன்றின் நிலைமை இது. இரண்டாவது குழுவின் பாடகி பாட்டுகளுக்கு நடுவே மைக்கைப் பிடித்து, இப்படி ஒரு கச்சேரிக்குத் தேவையே இருக்கக் கூடாது என்று சொன்னபோது கூட்டம் கைதட்டவில்லை, அமைதியாகத் தலையசைத்தது. அவர் சொன்னதை நானும் நம்புகிறேன். வாளியில் விழும் சில்லறை அரசின் கடமைக்கு ஈடாகாது. ஆனால் கடமை வந்து சேரும்வரை ஒரு வீட்டு அடுப்பு காத்திருக்க முடியாது.

உணவு வங்கியிலிருந்து ஒரு மூதாட்டி வந்திருந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளை முடி, கம்பளிச் சட்டை, கழுத்தில் சிறிய சிலுவை. இரண்டு குழுக்களுக்கு இடையில் மேடையேறி இரண்டே நிமிடம் பேசினார். வேலைக்குப் போகிறவர்களே இப்போது அதிகம் வருகிறார்கள் என்றார். சமைக்க எரிவாயுவுக்குப் பணம் இல்லாததால், வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற உணவாகக் கேட்கிறவர்களும் உண்டாம். பச்சை முடியும் மூக்கு வளையமும் முள் பதித்த தோல் சட்டையுமாக நின்றிருந்த கூட்டம் அந்த இரண்டு நிமிடமும் அசையவில்லை. இறங்கும்போது படியில் தடுமாறியவரைப் பிடிக்க நான்கு கைகள் நீண்டன.

இந்த ஊருக்கும் மெட்டல் இசைக்கும் உள்ள உறவு ஒரு விபத்தில் தொடங்குகிறது. தகரப் பட்டறை ஒன்றில் வேலை செய்த 17 வயது டோனி ஐயோமியின் வலக்கை நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இயந்திரம் துண்டித்தது. அவர் இடக்கைப் பழக்கம் உள்ள கிதார் கலைஞர். தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கை விரல்கள்தான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் தொப்பிகள் செய்து, மேலே தோலை ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசிக்கத் தொடங்கினார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அழுத்துவது எளிதாயிற்று, ஒலி கனத்தது. பட்டறைகளின் சம்மட்டிச் சத்தத்தில் வளர்ந்த நான்கு பையன்களின் பிளாக் சபாத் குழு 1970 பிப்ரவரியில் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. ஹெவி மெட்டல் அங்கே பிறந்தது என்று உலகம் சொல்கிறது.

அந்த நால்வரும் 2025 ஜூலை 5 அன்று, பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே உள்ள வில்லா பார்க் மைதானத்தில் கடைசி முறையாக ஒன்றாக வாசித்தார்கள். சிறுவயதில் அந்த மைதானத்துக்கு வருகிறவர்களின் கார்களைக் காவல் காத்துச் சில்லறை வாங்கியதை ஆஸி சொல்லியிருக்கிறார். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் அமர்ந்து பாடினார். மெட்டாலிகா, ஸ்லேயர், கன்ஸ் அன் ரோசஸ் என்று பெரிய பெயர்களெல்லாம் அன்று அவர்களுக்கு முன்னால் வாசித்தன. அந்த நாளின் வருவாய் பார்க்கின்சன் ஆய்வுக்கான தொண்டு நிறுவனத்துக்கும், பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், ஏகார்ன்ஸ் என்ற குழந்தைகள் நோய்த்தணிப்பு இல்லத்துக்கும். பதினேழு நாள் கழித்து ஆஸி இறந்தார். பிராட் தெருவில் பிளாக் சபாத் பெயரிலேயே உள்ள பாலத்தில் பூக்கள் குவிந்தன. அக்கா வேலை முடிந்து வரும் வழியில் தானும் ஒரு கொத்து வைத்துவிட்டு வந்தாளாம். மகளுக்காக வைத்தேன் என்றாள். உலகம் பார்த்த அந்தக் கச்சேரிக்கும் டிக்பெத் பப்பின் பின்னறைக்கும் அளவில்தான் வேறுபாடு. செயல் ஒன்றுதான்.

பங்க்கும் மெட்டலும் ஒரே மேடையில் ஏறுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஒரு காலத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று ஏளனமாகப் பார்த்தன. அவற்றைக் கரைத்து ஒன்றாக்கியதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. எண்பதுகளில் ஸ்பார்க்ஹில் பகுதியின் மெர்மெய்ட் பப்பில் அடிக்கடி வாசித்த நேபாம் டெத் குழு, பங்க் இசையின் வேகத்தையும் மெட்டலின் கனத்தையும் சேர்த்து 1987இல் வெளியிட்ட ‘ஸ்கம்’ இசைத்தட்டு கிரைண்ட்கோர் என்ற வகைக்கே அடித்தளமானது. அதில் ஒரு பாட்டின் நீளம் ஒரு நொடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். டிக்பெத்தில் நான்காவதாக வாசித்தவர்கள் அந்த வழி வந்தவர்கள். அவர்களுடைய பாடகர் பகலில் பேருந்து ஓட்டுநர், ஐம்பது வயதுக்காரர். மேடையிலிருந்து வந்த உறுமல் மனிதத் தொண்டையிலிருந்து வருகிறது என்று நம்ப எனக்குச் சற்று நேரமாயிற்று. பிறகு வெதுவெதுப்பான நீரைப் பருகியபடி பொறுமையாக விளக்கினார். குரல் நாண்களுக்கு மேலே பொய்க் குரல் மடிப்புகள் இருக்கின்றன, அவற்றை அதிரவைத்துப் பாடுவதுதான் உறுமல். தொண்டை வலித்தால் தவறாகச் செய்கிறாய் என்று பொருள். அவர் பேசும் குரல் நூலகத்தில் பேசுகிறவரின் குரல்.

ஐந்தாவதாக அக்கா மகளின் குழு. இரண்டு கால்களாலும் இரட்டை மிதியை மிதித்து அவள் எழுப்பிய அதிர்வு தரைப்பலகை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்தது. காதடைப்பான் காதைக் காக்கும், நெஞ்சுக்கூட்டுக்கு ஒன்றும் கிடையாது. எட்டு வயதில் என் மடியில் படுத்துக் கதை கேட்ட பிள்ளை அவள். இப்போது முதுகு நிமிர்ந்து, தோள் தளர்ந்து, கை மணிக்கட்டில் மட்டும் விசையை வைத்து வாசித்தாள். எல்லாச் சத்தத்துக்கும் நடுவில் அவள் முகம் மட்டும் அமைதியாக இருந்தது. நான் அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரிய உருவம், கழுத்துவரை பச்சை குத்தியிருந்தவர், ஒன்றும் கேட்காமல் காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

மேடைக்கு முன்னால் ஆட்கள் மோதிச் சுழலும் ஆட்டத்தை மோஷ் பிட் என்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கலவரம். 2013இல் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் கச்சேரிக் காணொளிகளை ஆராய்ந்து, அந்தக் கூட்டம் வாயுவின் மூலக்கூறுகளைப் போல நகர்கிறது என்று எழுதினார்கள். வட்டமாக ஓடும் ஆட்டத்தில் 95 விழுக்காடு இடஞ்சுழியாகவே ஓடுகிறதாம். டிக்பெத்திலும் இடஞ்சுழிதான், எண்ணிப் பார்த்தேன். ஆனால் இயற்பியல் சொல்லாத ஒன்றையும் பார்த்தேன். ஓர் இளைஞன் வழுக்கி விழுந்தான். அவன் முதுகு தரையில் பட்ட அடுத்த நொடி சுற்றியிருந்த ஐந்தாறு பேர் கைகளை விரித்துத் தடுப்பாக நின்றார்கள், இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள், ஒருவர் கட்டை விரலை உயர்த்திக் கேட்டார், அவன் தலையாட்டியதும் மறுபடி மோதல். கழன்றுபோன செருப்பு, கண்ணாடி, கைபேசி எது கிடைத்தாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உரியவர் வரும்வரை நிற்பார்கள். இந்த முறைகளை யாரும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. விழுந்தவனை மிதிக்காமல் தூக்கப் பழகிய கூட்டம் உணவு வங்கிக்காகக் கூடுவதில் எனக்கு அதன் பிறகு வியப்பு இல்லை.

ஒரு மூலையில் கறுப்பு மணிக்கட்டுப் பட்டைகள் விற்ற மேசை. அதில் இருந்த பெயர் சோஃபி. லங்காஷயரின் பேக்கப் ஊரில் 2007 ஆகஸ்டில் ஒரு பூங்காவில், காத் எனப்படும் கறுப்பு உடைப் பாணியில் உடுத்தியிருந்த ஒரே காரணத்துக்காகச் சோஃபி லங்காஸ்டரையும் அவருடைய காதலரையும் ஒரு கும்பல் தாக்கியது. காதலரைக் காப்பாற்றக் குனிந்த சோஃபி பிறகு மருத்துவமனையில் இறந்தார். வயது 20. அவருடைய தாய் சில்வியா அந்தத் துயரத்திலிருந்து ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, பள்ளிகள்தோறும் போய்ப் பேசினார். 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை இத்தகைய தோற்றத்துக்காக நடக்கும் தாக்குதல்களையும் வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்யத் தொடங்கியது. பிளட்ஸ்டாக் மெட்டல் திருவிழாவில் ஒரு மேடைக்கு சோஃபியின் பெயர். நான் ஒரு பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அக்கா மகளும் இரவில் கறுப்பு உடையோடு பேருந்தில் வருகிறவள். அவள் தோலின் நிறத்தையும் சேர்த்துத்தான் இந்த ஊர் பார்க்கிறது.

அந்த விஷயத்திலும் பர்மிங்ஹாமுக்கு ஒரு கடந்த காலம் உண்டு. குடியேறிகளுக்கு எதிராக அரசியல்வாதி ஈனக் பவல் 1968இல் பேசியது இங்கேதான். 1976 ஆகஸ்ட் 5 அன்று இதே ஊரின் ஓடியன் அரங்கில், கறுப்பர்களின் புளூஸ் இசையால் பெயர் பெற்ற எரிக் கிளாப்டன் மேடையிலிருந்து பவலை ஆதரித்துப் பேசினார். கோபம் கொண்ட இசை ரசிகர்கள் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் பல பத்தாயிரம் பேர் முன்னால் கிளாஷ் பங்க் குழுவும், பர்மிங்ஹாம் ஹேண்ட்ஸ்வொர்த்தின் ஸ்டீல் பல்ஸ் ரெகே குழுவும் ஒரே மேடையில் வாசித்தன. அந்த கிளாஷின் ஜோ ஸ்ட்ரம்மர் கடைசிவரை இப்படிப்பட்ட மேடைகளை விடவில்லை. 2002 நவம்பர் 15 அன்று லண்டன் ஆக்டன் நகர மண்டபத்தில், மறுபடியும் வேலை நிறுத்தத்தில் இருந்த தீயணைப்பு வீரர்களுக்காக வாசித்தார். பார்வையாளராக வந்திருந்த பழைய குழுத் தோழர் மிக் ஜோன்ஸ், பிரிந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, மேடையேறி அவரோடு கிதார் வாசித்தார். ஐந்து வாரத்தில் ஸ்ட்ரம்மர் இறந்துபோனார். எவ்வளவு பணம் கொடுத்தும் நடக்காத அந்தச் சேர்க்கை ஓர் உண்டியல் கச்சேரியில் நடந்தது.

இரவு கடைசிக் குழு இறங்கியதும் விளக்குகளைப் போட்டார்கள். தரை முழுக்க நசுங்கிய பிளாஸ்டிக் குவளைகள். ஒரு டிரம் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வாளியைக் கொட்டினார்கள். பேருந்து ஓட்டுநர் நாணயங்களை அடுக்க, மூதாட்டி நோட்டுகளை எண்ண, கணக்கை ஒரு பீர் அட்டையின் பின்பக்கம் எழுதினார்கள். முத்திரை குத்திய கைகள் 140க்கு மேல். நுழைவுக் கட்டணம், குலுக்கல் சீட்டு, கேக் விற்பனை, வாளி எல்லாம் சேர்த்து 1,600 பவுண்டைத் தாண்டியது. மூதாட்டி இரண்டாவது முறையும் எண்ணினார்.

மளிகைப் பைகள் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வேனுக்கு வரிசையாக நின்று கைமாற்றிக் கடத்தினோம். என் பக்கத்தில் அந்தப் பச்சை குத்தியவர், அவருக்கு அப்பால் அக்கா மகள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அடுத்த மாதம் கவென்ட்ரியில் ஒரு பாடகரின் சிகிச்சைக்காக வாசிக்க ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். காதில் பஞ்சு இன்னும் இருந்ததால் இரண்டு முறை கேட்டுத்தான் புரிந்தது.

“சித்தி, அந்தப் பெட்டிய பாத்துத் தூக்குங்க. அடி பிஞ்சிருக்கு.”

ஒரு கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். உள்ளே பால்.